பிரதம புருஷனும் என் 120 காப்பிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருப்பவன் நான். தங்கள் நாளிதழின் கோவைப் பதிப்பு காலையில் பொள்ளாச்சி பஸ்ஸில் எங்களுக்கு வந்து சேர்கிறது. போன வாரம் மாணவர் பக்கத்தில் ஆங்கில இலக்கணச் சொற்களுக்குத் தமிழில் நிகர்ச்சொல் கொடுத்து ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். நவுன் என்றால் பெயர்ச்சொல், வெர்ப் என்றால் வினைச்சொல் என்று தொடங்கி அரைப் பக்கம். அன்றைக்கு மட்டும் 34 பேர் அதைக் காப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் எனக்கு வந்தது. அந்தக் காசை வாங்கிப் போட்டுக்கொண்டு குறை எழுத உட்கார்ந்தால் நன்றாக இருக்காதுதான். ஆனாலும் அந்தப் பட்டியலில் சில வரிகள் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைக் குழியில் தள்ளும். அதே மாதிரி ஒரு குழியில் நானே ஒரு தடவை 120 பேரைத் தள்ளியிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கதை. 12 வருஷம் இருக்கும். பக்கத்தில் ட்யூஷன் நடத்திக்கொண்டிருந்த ஒரு மாஷ் (இங்கே தமிழ்க்காரர்களும் வாத்தியாரை மாஷ் என்றுதான் கூப்பிடுவோம்) மலையாளத்தில் அடித்த ஒரு இங்கிலீஷ் கிராமர் தாளைக் கொண்டுவந்தார். 'தமிழ் மீடியம் பிள்ளைகளும் வருது, இதை அப்படியே தமிழ்ல அடிச்சு 120 காப்பி போட்டுக் குடு' என்றார். எனக்கு மலையாளம் படிக்க, அடிக்க எல்லாம் வரும். கார்த்திகா ஃபான்டில் மலையாளம், பாமினியில் தமிழ், பேஜ்மேக்கரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் என்று வருஷக்கணக்காக அடித்த கை. அதனால் அகராதி எதையும் புரட்டவில்லை. அந்தத் தாளில் ஒரு வரி: 'பிரதமபுருஷ ஏகவசனம் வரும்போள் கிரியயோடு எஸ் சேர்க்குக.'

கிரியை என்றால் வினை. ஏகவசனம் என்றால் ஒருமை. பிரதமம் என்றால் முதல். பிரதமர் என்றால் மந்திரிகளில் முதல் ஆள்தானே. ஆக, ஃபர்ஸ்ட் பெர்சன். ஃபர்ஸ்ட் பெர்சனுக்குத் தமிழில் தன்மை. நான் அடித்தது இது: 'தன்மை ஒருமை வரும்போது வினையோடு எஸ் சேர்க்க வேண்டும்.'

அடுத்த வாரம் பரீட்சையில் தமிழ் மீடியம் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒற்றுமையாக எழுதியிருந்தார்கள்: ஐ கோஸ் டு ஸ்கூல். ஐ ஈட்ஸ் ரைஸ். ஐ லவ்ஸ் மை மதர்.

மாஷ் கடைக்கு வந்தார். ஏகவசனம் என்ற சொல்லை மட்டும் நான் சரியாகத்தான் புரிந்துவைத்திருந்தேன் என்பது அன்றைக்கு ஊர்ஜிதமாயிற்று. அவர் என்னை ஏகவசனத்தில்தான் திட்டினார்.

அவர் போன பிறகு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டோடு வந்து நின்றாள். 'நீங்க அடிச்சுக் குடுத்த பேப்பர்ல இருந்ததைத்தானுங்ணா எழுதினேன். எனக்கு எதுக்குங்ணா முட்டை?' என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் வெட்கப்பட்ட அளவுக்கு மாஷின் வசவுக்கு வெட்கப்படவில்லை.

விஷயம் என்னவென்றால், மலையாள இலக்கணம் இந்தப் பெயர்களைச் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்துக்கொண்டது. சமஸ்கிருதத்தில் வினையை அடுக்கும்போது 'அவன்' என்பதில் ஆரம்பிப்பார்கள். அதனால் 'அவன்' பிரதம புருஷன், 'நீ' மத்தியம புருஷன், 'நான்' உத்தம புருஷன். இங்கிலீஷ்காரன் 'நான்' என்பதில் ஆரம்பிக்கிறான். அவனுக்கு 'நான்'தான் ஃபர்ஸ்ட், 'அவன்' தேர்டு. பேரில் ஒன்றாம் நம்பர் இருக்கிறது என்று நம்பி மொழிபெயர்த்தால் நேர் எதிரில் போய் நிற்போம். தமிழில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று நம்பரே இல்லாமல் பெயர் வைத்தவர்களை அன்றைக்கு மனதாரக் கும்பிட்டேன்.

இந்தக் குழப்பம் திருச்சியிலோ மதுரையிலோ இருக்கிற பிள்ளைக்கு வராது. எங்களுக்கு வரும். 1956-ல் கேரளம் அமைந்தபோது சித்தூர் தாலுகா பழைய கொச்சிச் சீமை நிலம் என்பதால் இந்தப் பக்கமே நின்றது. வேலந்தாவளம், எருத்தேம்பதி, ஒழலப்பதி, மீனாட்சிபுரம் என்று எங்கே போனாலும் வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்து ஒன்று. ஒரே பிள்ளைக்குத் தமிழ் டீச்சர் எழுவாய் என்பார், மலையாள மாஷ் கர்த்தாவு என்பார், இங்கிலீஷ் டீச்சர் சப்ஜெக்ட் என்பார். செயப்படுபொருளுக்கு மலையாளத்தில் கர்மம் என்று பெயர். 'இந்த வாக்கியத்தில் கர்மம் எது?' என்று மாஷ் கேட்டால் கடைசி பெஞ்சு சிரித்தே தீரும். 'எல்லாமே கர்மந்தான் மாஷே' என்று ஒருத்தன் சொல்லி வெளியே நின்ற கதையும் உண்டு.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். பிரசண்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ் என்பதற்கு 'நிகழ்கால வினைமுற்று' என்று போட்டிருக்கிறீர்கள். என்னிடம் அடிக்க வருகிற கையேடுகள் பலவற்றிலும் இப்படித்தான் இருக்கிறது. ஆகவே தங்கள் ஆபீசில் யாரோ புதிதாகக் கண்டுபிடித்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வினைமுற்று என்ற சொல் தமிழ் வகுப்பில் ஏற்கெனவே ஒரு வேலையில் இருக்கிறது. வந்தான், வருகிறான், வருவான் மூன்றுமே அங்கே வினைமுற்று. பேச்சு அங்கே முடிந்து நிற்கிறது, இன்னார் என்பதும் விகுதியில் தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். வந்த, வந்து என்று அந்தரத்தில் நின்றால் எச்சம். காரியம் முடிந்ததா, முடியவில்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. தமிழ் டீச்சர் 'வருகிறான்' என்பதுதான் நிகழ்கால வினைமுற்று என்று காலையில் சொல்லிக்கொடுத்திருக்க, மத்தியானம் இங்கிலீஷ் டீச்சர் 'ஹேஸ் கம்' என்பதுதான் நிகழ்கால வினைமுற்று என்றால் பிள்ளை என்ன செய்யும்? 'ஹி கம்ஸ்' என்று எழுதி வைக்கும். அதுவும் நியாயமாக யோசித்துத்தான் எழுதும்.

பெர்ஃபெக்ட் என்ற பெயரிலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது. லத்தீனில் அதற்குச் செய்து முடித்தது என்று பொருளாம். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெர்ஃபெக்ட் கிரிக்கெட் கமெண்டரியில் வருவது. கடையில் ஒரு பையன் கேட்டான்: 'பெர்ஃபெக்ட்னா கரெக்ட்டுனுதானே? அப்ப மத்த டென்ஸெல்லாம் தப்பா?'

அவனிடம் நான் இலக்கணம் பேசவில்லை, எனக்கு அந்த அளவுக்குத் தெரியவும் தெரியாது. 'மலம்புழா டேம் பாத்திருக்கியா?' என்று கேட்டேன்.

'பாத்திருக்கேன்.'

'எப்ப?'

'போன வருஷம் ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க, அப்பப் பாத்தேன்.'

முதலில் 'பாத்திருக்கேன்' என்றவன் எப்போது என்று கேட்டதும் தானாகவே 'பாத்தேன்' என்று மாறிவிட்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மலையாளத்திலும் அப்படியே: 'மலம்புழா கண்டிட்டுண்டோ?' 'கண்டிட்டுண்டு.' 'எப்போழா?' 'கழிஞ்ஞ கொல்லம் கண்டு.' இங்கிலீஷில்: 'ஹேவ் யூ ஸீன் மலம்புழா?' 'யெஸ், ஐ ஹேவ்.' 'வென்?' 'ஐ ஸா இட் லாஸ்ட் இயர்.' மூன்று பாஷையும் ஒரே இடத்தில் ஒரே மாதிரித் திரும்புகின்றன. இருக்கேன் - இட்டுண்டு - ஹேவ். 'ஐ ஹேவ் ஸீன் இட் லாஸ்ட் இயர்' ஏன் தப்பு என்பதற்கு விதி எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அந்த விதி பையன் வாயிலேயே இருக்கிறது.

இதைச் சொன்னதும் எனக்கே கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. எல்லா இடத்திலும் இப்படி ஒட்டும் என்று நினைத்தேன். ஒட்டாது. காலையில் எழுந்து வாசலைப் பார்க்கிறோம், ஈரம். 'மழை பெஞ்சிருக்கு' என்கிறோம். இங்கிலீஷில் 'இட் ஹேஸ் ரெயின்டு'. சரி. 'நேத்து ராத்திரி மழை பெஞ்சிருக்கு' என்றும் சொல்கிறோம். நான் தூங்கிவிட்டேன், பார்க்கவில்லை, ஈரத்தை வைத்துச் சொல்கிறேன் என்பது அந்த 'இருக்கு'க்குள் இருக்கிறது. 'நேத்து ராத்திரி' என்று சேர்த்த உடனே இங்கிலீஷ் 'ஹேஸ்' போட விடாது. அங்கே 'ரெயின்டு' அல்லது 'மஸ்ட் ஹேவ் ரெயின்டு'. தமிழ்ப் பிள்ளை தப்பு செய்கிற இடம் துல்லியமாக இதுதான். ஒட்டுகிற இடத்தையும் பிரிகிற இடத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டுமானால் வாக்கியம் வேண்டும். பட்டியலில் ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் ஒரு சொல், அந்தப் பக்கம் ஒரு சொல் என்றால் இரண்டுமே மறைந்துபோகும்.

'நான்காம் வேற்றுமை கு - டு' என்று இன்னொரு வரி. பொள்ளாச்சிக்குப் போகிறேன் என்றால் டு பொள்ளாச்சி, வாஸ்தவம். எட்டு மணிக்கு என்றால் அட். அம்மாவுக்குச் சேலை எடுத்தேன் என்றால் ஃபார். எனக்குப் பசிக்கிறது என்றால் ஒன்றுமே கிடையாது, ஐ ஆம் ஹங்ரி என்று நானே எழுவாயாகிவிடுகிறேன். ஒரு குவுக்கு இங்கிலீஷில் நாலு வீடு. பட்டியலை நம்பின பிள்ளை 'ஐ கேம் டு எய்ட் ஓ கிளாக்' என்று எழுதியதை என் கண்ணால் பார்த்தேன். பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு வந்த கட்டுரை அது. பிரபொசிஷனுக்கு முன்னிடைச்சொல் என்று பெயர் கொடுத்தது சரிதான், முன்னால் நிற்கிறது என்பது பெயரிலேயே தெரிகிறது. நம்முடையது பின்னால் ஒட்டுவது என்பதையும் பக்கத்தில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். டிரான்சிட்டிவ் வெர்ப் என்பதற்குச் செயப்படுபொருள் குன்றாவினை என்று போட்டது வாய்க்கு நீளமானாலும் சரியாகப் பொருந்துகிறது. (மலையாளத்தில் ஸகர்மகம். கர்மம் உள்ள வினை. கடைசி பெஞ்சுக்கு இன்னொரு சிரிப்பு.) இதில்கூட எங்கள் கடைப் பையனை வைத்து ஒரு பாடம் நடத்தலாம். மெஷினின் மேல் கண்ணாடியில் கீறல் விழுந்து உடைந்தபோது அவன் வந்து சொன்னது, 'அண்ணா, கண்ணாடி ஒடைஞ்சு போச்சுங்ணா.' ஒடைச்சுட்டேன் என்று அவன் வாயிலிருந்து இன்றுவரை வந்ததில்லை. தமிழில் உடைந்தது வேறு, உடைத்தான் வேறு. வினையைக் கேட்டாலே ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆடினான், ஆட்டினான். அடங்கினான், அடக்கினான். இங்கிலீஷில் 'தி கிளாஸ் புரோக்' என்றாலும் புரோக்தான், 'ஹி புரோக் தி கிளாஸ்' என்றாலும் அதே புரோக்தான். பின்னால் ஒரு பொருள் நிற்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புதுக் கண்ணாடிக்குக் காசு கொடுத்தவன் நான் என்பதால் இந்த வித்தியாசம் எனக்கு நன்றாக விளங்கும்.

இப்போது எனக்கே சொந்தமான ஒரு விஷயம். டி.டி.பி. வேலையில்தான் இது பிடிபட்டது. ஏ, ஆன் என்ற ஆர்ட்டிகிள் எங்கே எது வரும் என்பதற்கு 'ஏ, ஈ, ஐ, ஓ, யூ வந்தால் ஆன்' என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். தங்கள் பட்டியலும் அதையே சொல்கிறது. பிள்ளை உடனே 'ஆன் யுனிவர்சிட்டி' என்று எழுதும், 'ஏ ஹவர்' என்று எழுதும். அந்த விதி எழுத்தைப் பற்றியது அல்ல, சத்தத்தைப் பற்றியது. சத்தத்தைக் கண்ணுக்குக் காட்டுகிற எழுத்து நம்மிடம் இருக்கிறதே! அந்த இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். யுனிவர்சிட்டி: முதல் எழுத்து யு. அது உயிர்மெய். ஆகவே ஏ. யூனிஃபார்ம், அதுவும் ஏ. ஹவர் என்று எழுதுவது ஸ்பெல்லிங்கைப் பார்த்து எழுதுவது. வாயில் வருவது அவர். முதல் எழுத்து அ, உயிர். ஆகவே ஆன். ஆனஸ்ட் மேன், ஆன். அம்ப்ரெல்லா, ஆன். எம்.எல்.ஏ., எ என்று ஆரம்பிக்கிறது, ஆன். உயிரெழுத்து பன்னிரண்டு என்று ஒன்றாம் வகுப்பிலேயே தெரிந்த பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?

இதிலும் இரண்டு பள்ளம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஒன்வே என்று போர்டில் எழுதுகிறோம், சொல்லும்போது வன்வே. அதனால் அங்கே ஏ. இன்னொன்று, நம் ஆட்கள் எம்.எல்.ஏ.யை 'யெம்மெல்லே' என்று யகரம் ஒட்டித்தான் கூப்பிடுவார்கள். எ-வில் தொடங்குகிற எல்லாச் சொல்லுக்கும் நம் வாய் அப்படித்தான். அதைக் கேட்டு ஏ போட்டுவிடக் கூடாது. இந்த இரண்டையும் கடந்தால் மிச்சம் சுலபம்.

கூடவே, ஓர் ஊர், ஒரு வீடு என்று நமக்கும் இதே விதி உண்டு என்பதைக் காட்டிவிட்டால் பிள்ளைக்கு ஆன் என்பது அந்நியமாகவே தெரியாது. காட்டலாம்தான், ஆனால் தங்கள் நாளிதழில் 'ஒரு ஆண்டு', 'ஒரு ஊழியர்' என்று தினமும் வருகிறது. புரூஃப் பார்ப்பவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், என் கடையில் அடிக்கிற கல்யாணப் பத்திரிகையிலும் அதே நிலைதான்.

நான் பி.காம். மூன்றாம் வருஷத்தோடு நிறுத்தியவன். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பி.எட். பிள்ளைகளின் ரெக்கார்டும் அசைன்மென்டும் மார்ச் மாதம் முழுக்க என் மேஜையில்தான். ஸ்பைரல் பைண்டிங்கோடு சேர்த்து அடிப்பதால் நானும் சேர்ந்து படிக்கிறேன். இலக்கணம் சொல்லி மொழிபெயர்க்க வைப்பது கிராமர் டிரான்ஸ்லேஷன் மெத்தட். தாய்மொழியே கூடாது என்பது டைரக்ட் மெத்தட். 1967-ல் டாட்சன் என்பவர் வேல்ஸ் நாட்டிலிருந்து பைலிங்குவல் மெத்தட் என்று எழுதினார். அர்த்தத்தைத் தாய்மொழியில் சட்டென்று சொல்லிவிட்டு, பழகுவதை அந்நிய மொழியில் செய் என்பது அதன் சாரம். எங்கள் ஊரில் டாட்சன் பெயரைக் கேள்விப்படாத டீச்சர்களும் இதைத்தான் செய்கிறார்கள், இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வரும் நாளைத் தவிர. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு பெங்களூர், சென்னை மாதிரித் தென்னிந்திய ஊர்ப் பள்ளிகளில் நடத்திய சோதனை ஒன்று எல்லா ரெக்கார்டிலும் வரும். ரயில் டைம்டேபிள், வரைபடம் மாதிரி ஒரு வேலையைக் கையில் கொடுத்து, விடை கண்டுபிடிக்கும் மும்முரத்தில் மொழி உள்ளே போகட்டும் என்று விட்டார். இலக்கணப் பெயர் எதையும் பிள்ளையிடம் சொல்லவே இல்லை. எனக்கு அதில் பாதிச் சம்மதம். பரீட்சைத் தாளில் 'சேஞ்ச் தி வாய்ஸ்' (செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்று) என்று கேள்வி இருக்கும்வரை வாய்ஸ் என்றால் தொண்டை இல்லை என்பதைப் பிள்ளைக்கு யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

ஆனால் இந்த ரெக்கார்டுகளில் எனக்கு மனதில் நின்றது கார்டர் என்பவர் சொன்னது. அதுவும் 1967-தான். மிஸ்டேக் வேறு, எரர் வேறு என்கிறார். தெரிந்தும் கை தவறுவது மிஸ்டேக். உள்ளே ஒரு விதி தப்பாக உட்கார்ந்திருந்து அதன்படி ஒழுங்காக வருவது எரர். பிள்ளை மனதில் என்ன விதி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு எரர்தான் சாட்சி, அதை வைத்துத்தான் வாத்தியார் பாடம் நடத்த வேண்டும் என்கிறார். தமிழ் ரெக்கார்டுகளில் இரண்டையும் பிழை, தவறு என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். எது எது என்று போட்டவருக்கே தெரியவில்லை. என் தொழிலில் வைத்துச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் புரியும். 'பள்ளி' என்று அடிக்கப்போய் 'பல்லி' என்று விழுந்தால் மிஸ்டேக். பிரதம புருஷனைத் தன்மை என்று 120 காப்பி போட்டது எரர். பிள்ளைகள் எழுதிய 'ஐ கோஸ்' அவர்களுடைய எரர்கூட இல்லை, என்னுடையது. அவர்கள் விதிப்படி சுத்தமாக எழுதினார்கள்.

அந்த எஸ் விவகாரத்தையும் முடித்துவிடுகிறேன். ஹி கோஸ் என்பதில் எஸ் ஏன் என்று கேட்டால் தேர்டு பெர்சன் சிங்குலர் என்று பெயரைச் சொல்லி வாயை அடைக்கிறோம். மலையாளத்தில் ஞான் போகுன்னு, நீ போகுன்னு, அவன் போகுன்னு. ஆள் மாறினாலும் வினை அசையாது. அந்தப் பிள்ளைக்கு எஸ் என்பது புதுச் சங்கதி, நேரம் எடுக்கும். தமிழ்ப் பிள்ளைக்குப் போகிறேன், போகிறாய், போகிறான் என்று ஆள் ஆளுக்கு வினை மாறுவது பிறந்ததிலிருந்து பழக்கம். 'அவன் போறேன்' என்று சொன்னால் மூன்று வயதுக் குழந்தைகூடச் சிரிக்கும். இங்கிலீஷில் ஒரு காலத்தில் இருந்த விகுதிகள் உதிர்ந்துபோய் நிகழ்காலத்தில் அந்த எஸ் ஒன்றுதான் மிஞ்சி நிற்கிறது, நம்முடைய ஆன், ஆள், அது மூன்றுக்கும் சேர்த்து ஒற்றை விகுதி என்று சொன்னால் பிள்ளைக்குப் போதும். ஒரே வகுப்பில் இரண்டு மீடியம் பிள்ளைகளையும் உட்கார வைத்து ஒரே தாளைக் கொடுத்தால் பாதிப் பேருக்கு அது உதவாது. மாஷிடம் அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் இன்னும் நாலு ஏகவசனம் விழுந்திருக்கும்.

தமிழ்ப் பெயரே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலீஷ்காரர்களே இந்தப் பெயர்களை லத்தீனிலிருந்து கடன் வாங்கியவர்கள்தான். 1586-ல் புல்லோக்கர் எழுதிய முதல் இங்கிலீஷ் இலக்கணமே லத்தீன் இலக்கணத்தின் அச்சில் வார்த்தது என்று ஒரு எம்.ஏ. புராஜெக்டில் அடித்திருக்கிறேன். நவுன் என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்குப் பொருளே பெயர் என்பதுதான். அங்கே நம் பெயர்ச்சொல் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது, தாராளமாகப் போடுங்கள். தமிழ் இலக்கணத்தில் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிற சொல்லை மட்டும் இழுத்துவந்து இங்கிலீஷ் பெயர்மேல் ஒட்ட வேண்டாம் என்கிறேன். பிரசண்ட் பெர்ஃபெக்ட் என்று தமிழ் எழுத்தில் அப்படியே எழுதிவிட்டு, பக்கத்தில் 'பார்த்திருக்கிறேன்' என்று ஒரு வாக்கியம் போட்டால் போதும். பிள்ளைகள் பெர்ஃபெக்ட் என்ற சொல்லைக் கண்டு பயப்படுவதில்லை. காலையில் ஒரு பொருளும் மத்தியானம் ஒரு பொருளுமாக வருகிற வினைமுற்றைக் கண்டுதான் பயப்படுகிறார்கள்.

முட்டை வாங்கிய அந்தப் பெண் இப்போது பி.எட். படிக்கிறாள். போன மாதம் லெசன் பிளான் அடிக்க வந்தாள். கற்பித்தல் துணைக்கருவி என்ற கட்டத்தில் சார்ட், ஃப்ளாஷ் கார்டு என்று எல்லோரும் எழுதுவார்கள். இவள் 'கொழிஞ்சாம்பாறை - பொள்ளாச்சி பஸ்ஸில் கேட்ட பேச்சு, 6 வாக்கியங்கள்' என்று எழுதியிருந்தாள். ஆறில் மூன்று தமிழ், இரண்டு மலையாளம். கடைசி ஒன்று எந்தப் பாஷை என்று எனக்கே பிடிபடவில்லை. அடித்து முடித்து பிரிண்ட் கொடுக்கப் போனேன். 'இருங்ணா, இந்தத் தடவை நானே புரூஃப் பாத்துக்கறேன்' என்று மானிட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தங்கள் பட்டியலின் அடுத்த பகுதி வரும் வாரம் என்று அடியில் போட்டிருந்தீர்கள். வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச் எல்லாம் அதில் வரும் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் 'வினைமுற்று' வரிக்கும் 'கு' வரிக்கும் ஒரு திருத்தம் போட்டால் உதவி. அந்த 34 பேரில் யார் யார் என்று எனக்குத் தெரியும், திருத்தத்தைக் காசு வாங்காமல் காப்பி போட்டுக் கொடுத்துவிடுவேன். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் என்று மூன்று பத்தி போட்டு ஒரு தாள் இத்துடன் வைத்திருக்கிறேன். இடம் இருந்தால் வெளியிடுங்கள். பயம் வேண்டாம், பிரதம புருஷன் அதில் மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறான். புரூஃப் அந்தப் பெண் பார்த்தது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரன்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா.

(பெயர் போட வேண்டாம். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மாஷ்களும் டீச்சர்களும்.)